ரீசோர், கிரிம்ஸ்டாட், லில்லெசாண்ட்: மூன்று நாள் கையில் இருந்தால் எந்த வெள்ளை நகரம்?

ஒஸ்லோவிலிருந்து கிறிஸ்டியான்சாண்டுக்கு ஈ18 நெடுஞ்சாலை வழியாக 320 கிலோமீட்டர். கடற்கரையை ஒட்டிய பாதை என்று பெயர். ஆனால் கடல் கண்ணில் படுவதே அபூர்வம். பாறையைக் குடைந்த சுரங்கங்களும் பைன் காடும் மாறி மாறி வரும். கடல் இருப்பது இடது கைப்பக்கம், சாலையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி. அந்த இடைவெளியில்தான் சோர்லாண்டெட் என்ற நோர்வேத் தென்கரையின் பழைய மரவீட்டு நகரங்கள் ஒளிந்திருக்கின்றன.

படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே ஊர்: வெள்ளைப் பலகைச் சுவர், சிவப்பு ஓடு, வாசல்படியோரம் ரோஜா, படித்துறையில் மரப்படகு. அதனால் பலரும் வழியில் எது முதலில் வருகிறதோ அதில் இறங்கிவிடுகிறார்கள். சிலருக்கு அது அமைந்துவிடும். சிலர் மழை நாளில், பூட்டிய கடைகளுக்கு நடுவே, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு முழிப்பார்கள். நகரங்களின் வெளித்தோற்றம் ஒன்றுதான். உள்ளுக்குள் ஒவ்வொன்றும் வேறு. ஒன்றை நெருப்பு உருவாக்கியது, ஒன்றைக் கப்பல் கட்டும் துறைகள் உருவாக்கின, இன்னொன்றை அதன் பின்னால் இருக்கும் நீர்வழி உருவாக்கியது.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். நகரத்தையே பார்க்க வேண்டும், தெருத்தெருவாக நடக்க வேண்டும் என்றால் ரீசோர். நகரம் இரண்டாம்பட்சம், தண்ணீரில் இருக்க வேண்டும் என்றால் லில்லெசாண்ட். குழந்தைகளோடு போகிறீர்கள், மழைக்குப் பயம், அல்லது கோடை தாண்டிய மாதத்தில்தான் விடுமுறை என்றால் கிரிம்ஸ்டாட். ஏன் என்பதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

ஒரே முகம் எப்படி வந்தது

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஒல்லாந்துக்காரர்களுக்கு மரம் தீராத தேவை. கப்பலுக்கு மட்டுமல்ல, ஆம்ஸ்டர்டாமின் சேற்று நிலத்தில் வீட்டுக்கு அடியில் இறக்கும் முளைகளுக்கும் மரம் வேண்டும். நோர்வேயின் தெற்கில் ஓக்கும் பைனும் நிறைய. அவற்றை மிதக்கவிட்டுக் கடலுக்குக் கொண்டுவர ஆறுகளும் உண்டு. ஆறு கடலில் சேரும் இடத்தருகே, தீவுகள் காற்றை மறைக்கும் குடாவில், கப்பல் கட்டிச் சரக்கேற்ற ஒரு துறை. நகரங்களின் தொடக்கம் இவ்வளவுதான்.

அப்போது நோர்வே டென்மார்க் மன்னரின் ஆட்சியில். யார் எங்கே வியாபாரம் செய்யலாம் என்பதை அரசாணை தீர்மானித்தது. ‘லாடெஸ்டெட்’ என்றால் சரக்கேற்ற அனுமதி பெற்ற இடம். வியாபார உரிமையில் பக்கத்துப் பெரிய நகரத்துக்குக் கட்டுப்பட்டது. அதற்கு மேல் முழு வணிக உரிமையுள்ள நகரம். ரீசோர் 1630-இல் முதல் படியையும் 1723-இல் இரண்டாவதையும் எட்டியது. லில்லெசாண்டுக்கு முதல் அனுமதி 1688. கிரிம்ஸ்டாடுக்கு 1791-இல்தான் கிடைத்தது. ஆனால் 1816-இலேயே அது முழு நகரமாகிவிட்டது. அந்த வேகத்துக்குக் காரணம் கப்பல் கட்டுதல்.

இந்தக் கரையில் ஓதம் மிகக் குறைவு. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சாதாரணமாக 20, 30 சென்டிமீட்டர்தான். பெர்கனுக்கும் அதற்கு வடக்கேயும் போனால் மீட்டர் கணக்கில் ஏறி இறங்கும். அதனால்தான் இங்கே கிட்டங்கிகளும் வீடுகளும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. படகிலிருந்து நேராக வாசலுக்குக் கால் வைக்கலாம். நீர்மட்டத்தை இங்கே மாற்றுவது நிலாவைவிடக் காற்றும் காற்றழுத்தமும்தான். இலையுதிர்காலத்துத் தென்மேற்குப் புயலில் கடல் படித்துறையேறித் தெருவுக்கு வரும். பழைய கிட்டங்கிகளில் தரைத்தளத்தில் விலையுள்ள பொருளை வைக்காத பழக்கம் அதனால் வந்தது.

அடுத்து வெள்ளை. வெள்ளை இந்த ஊர்களின் பிறவி நிறம் அல்ல. முன்பு பெரும்பாலானவை பூச்சே இல்லாத பலகைகள். பூசியவர்களும் சிவப்பையோ காவி மஞ்சளையோதான் பூசினார்கள். இரும்புத் துருவிலிருந்து வரும் சிவப்பு மலிவு, மீன் எண்ணெயில் குழைத்தாலே போதும். வெள்ளைக்கு ஈய வெள்ளையும் ஆளிவிதை எண்ணெயும் வேண்டும், விலை அதிகம். 19-ஆம் நூற்றாண்டில் துத்தநாக வெள்ளை வந்து விலை இறங்கிய பிறகும் முழு வீட்டுக்கும் எல்லாராலும் செலவழிக்க முடியவில்லை. ஆகவே தெருவைப் பார்த்த முகத்துக்கு வெள்ளை, பின்சுவருக்குச் சிவப்பு. இன்றும் ஒரு சந்துக்குள் நுழைந்து வீட்டின் முதுகைப் பாருங்கள்: மூலையில் ஒரு பலகை வரைக்கும் வெள்ளை வந்து, அங்கே நேர்கோட்டில் நின்று, சிவப்பு தொடங்கும். அந்தக் கோடு ஒரு குடும்பத்தின் கையிருப்பு எவ்வளவு என்று சொன்ன கோடு.

பெரும் பணம் வந்தது 1849-க்குப் பிறகு. பிரிட்டன் தன் பழைய கப்பல் சட்டங்களை அந்த ஆண்டு நீக்கியதும், அதன் துறைமுகங்களின் சரக்கு மற்ற நாட்டுக் கப்பல்களுக்கும் திறந்துவிட்டது. சோர்லாண்டெட் பாய்க்கப்பல்கள் உலகைச் சுற்றின. முப்பது ஆண்டு கொழித்த பிறகு நீராவிக் கப்பல் வந்தது. இங்கிருந்த பணமெல்லாம் மரக்கப்பல்களில் முடங்கிக் கிடந்தது. 1886-இல் பக்கத்து அரெண்டாலில் வங்கிகள் முறிந்தபோது முழுக் கரையும் கவிழ்ந்தது. இளைஞர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். 1938-இல் ஒஸ்லோவிலிருந்து கிறிஸ்டியான்சாண்டுக்கு ரயில் வந்து சேர்ந்தபோது அதுவும் உள்நாட்டுக் காட்டு வழியே வந்தது, கரையைத் தொடவில்லை. பழைய வீட்டை இடித்துக் கல் கட்டடம் எழுப்ப யாரிடமும் காசில்லை. இன்று நாம் ரசிக்கிற தெருக்கள் நிலைத்ததற்கு அந்த வறுமைதான் பெரிய காரணம்.

ரீசோர்: பார்க்க வேண்டிய நகரம்

ரீசோர் ஒரு தீபகற்பத்தின் நுனி. நேர் எதிரே திறந்த கடல், ஸ்காகெராக். மற்ற ஊர்களுக்கு முன்னால் தீவுக்கூட்டம் அடுக்கடுக்காக நிற்கும்; இங்கே அந்த மறைப்பு குறைவு. அதனால் ஊருக்கு ஒரு முகம் உண்டு: குதிரை லாடம் போல வளைந்த துறைமுகம், அதைச் சுற்றி வரிசையாக வணிகர் வீடுகள், பின்னால் மேடேறும் சின்ன வீடுகள்.

1861 ஜூன் 1-ஆம் தேதி ஊர் எரிந்தது. மிஞ்சியவை சுமார் 85 வீடுகளும் தேவாலயமும்தான். இன்று துறைமுகத்தில் நிற்பவை பெரும்பாலும் அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளில், ஒரே தலைமுறைத் தச்சர்கள், ஒரே பாணியில், கப்பல் பணம் கொழித்த உச்சத்தில் கட்டியவை. ரீசோரின் ஒழுங்குக்குக் காரணம் இதுதான். மற்ற நகரங்களில் 1700-உம் 1900-உம் தோளோடு தோள் நிற்கும்; இங்கே துறைமுக வரிசை முழுவதும் ஒரே மூச்சில் சொன்ன வாக்கியம்போல இருக்கும். அதை விட்டுப் பின்தெருக்களில் ஏறினால் தீ தொடாத பகுதிகள் தட்டுப்படும். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம்: தெரு திடீரென்று குறுகும், வீடு நேராக நிற்காமல் பாறை எப்படிப் போகிறதோ அப்படித் திரும்பியிருக்கும், கூரை கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கிவிடும்.

தேவாலயம் 1647-இல் கட்டப்பட்டது. சிலுவை வடிவ மரக்கட்டடம். வெளியே எளிமை. உள்ளே பரோக் பாணியின் செதுக்கலும் நிறமும் எதிர்பாராமல் கண்ணைத் தாக்கும். பலிபீடத்தில் ரூபென்ஸ் பாணியில் கடைசி இரா விருந்து. இவ்வளவு சின்ன மீன்பிடி ஊருக்கு இப்படி ஒரு தேவாலயம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு ஒல்லாந்து வியாபாரம் என்ற ஒரே பதில் போதும். கோடை தவிர்த்து எந்நேரமும் திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். தகவல் மையத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

ரீசோரில் தவறவிடக்கூடாதது ரீசோர்ஃப்ளெக்கன். ஊருக்கு மேலே சுமார் 45 மீட்டர் உயரத்தில் ஒரு பாறைமுகம். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து அதற்கு வெள்ளையடித்து வருகிறார்கள். கலங்கரை விளக்கம் இல்லாத காலத்தில் ஒல்லாந்துக் கப்பல்கள் தொலைவிலிருந்தே இந்த வெள்ளைப் பொட்டைப் பார்த்துத் துறைமுக வாயைக் கண்டுபிடித்தன. துறைமுகத்திலிருந்து நடந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. கடைசிப் பகுதி செங்குத்து, ஈரத்தில் வழுக்கும். மேலே நின்றால் ஊரின் கூரைகள், அதற்கப்பால் ஸ்டாங்ஹோல்மன் தீவின் 1855-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம், அதற்கும் அப்பால் வெறும் கடல். ஊர் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்பது அங்கே நின்றால் ஒரு பார்வையில் விளங்கிவிடும்.

ரீசோரின் பலவீனங்களையும் சொல்ல வேண்டும். நகராட்சி முழுவதும் சேர்த்து ஏழாயிரத்துக்குக் குறைவான மக்கள். செப்டம்பர் பாதிக்கு மேல் உணவகங்கள் வாரக்கடைசிக்கு மட்டும் திறக்கத் தொடங்கும். தங்க இடங்கள் குறைவு. ஜூன் கடைசியில் அறை இசை விழாவும், ஆகஸ்ட் தொடக்கத்தில் 1983 முதல் நடக்கும் மரப்படகு விழாவும் வரும்போது அவை பல மாதம் முன்பே நிரம்பிவிடும். மரப்படகில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அந்த நாட்களைவிட நல்ல நாள் இல்லை: ஓவர்லேப் பலகை வைத்துக் கட்டிய பழைய மீன்படகுகளும் பாய்மரங்களும் துறைமுகத்தை நிரப்பும், கைவினைஞர்கள் கரையிலேயே வேலை செய்து காட்டுவார்கள். அமைதியாக ஊரைப் பார்க்க வருகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடலாம்.

கிரிம்ஸ்டாட்: வாழ்கிற நகரம்

கிரிம்ஸ்டாட் நகராட்சியில் சுமார் 25,000 பேர். அக்டெர் பல்கலைக்கழகத்தின் இரு வளாகங்களில் ஒன்று இங்கே, மற்றது கிறிஸ்டியான்சாண்டில். எனவே பிப்ரவரியிலும் இங்கே நூலகத்தில் வெளிச்சம் இருக்கும், காப்பிக்கடையில் மாணவர்கள் இருப்பார்கள். மற்ற இரண்டு ஊர்களுக்கும் இல்லாத பலம் இது.

நகரின் உருவம் ரீசோர் அளவுக்கு ஒழுங்கானதல்ல. குறுகிய தெருக்கள் பாறைமேடுகளுக்கிடையே வளைந்து வளைந்து போகும்; துறைமுகப் பக்கம் பிற்காலக் கட்டடங்களும் கலந்திருக்கும். முதல் பத்து நிமிடத்தில் ஏமாற்றம்கூட வரலாம். பொறுமையாகப் பழைய தெருக்களுக்குள் போக வேண்டிய ஊர் இது.

1844 ஜனவரி தொடக்கத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் மருந்துக்கடைப் பயிற்சியாளாக இங்கே வந்து இறங்கினான்: பின்னாளில் நாடகாசிரியரான ஹென்ரிக் இப்சன். ஆறு ஆண்டுக்கும் மேலாக இங்கே இருந்தார். கடை 1847-இல் இடம் மாறிய வீடுதான் இன்றைய இப்சன் அருங்காட்சியகம். அதில் பார்க்க வேண்டியது கடைக்குப் பக்கத்து அறை: இரவில் யாராவது மருந்துக்குக் கதவைத் தட்டினால் எழுந்து கொடுப்பதற்காகப் பயிற்சியாள் படுத்திருந்த இடம். பகலில் மருந்து அரைத்துவிட்டு இரவில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு லத்தீன் படித்தார்; பாடத்தில் வந்த ரோமானியக் கலகக்காரன் காத்திலீனாவே முதல் நாடகத்தின் நாயகனானான். 1850-இல் அது புனைபெயரில், நண்பர் ஒருவரின் பணத்தில் அச்சானது. அந்த அறையின் அளவைப் பார்த்தால், பின்னாளில் அவர் நாடகங்களில் வரும் மூச்சுமுட்டும் சிறு நகரங்கள் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றும்.

இதே கரையின் பசிக்கதையும் இப்சன் வழியாகத்தான் நோர்வேக்காரர்களுக்குத் தெரியும். நெப்போலியன் போரில் 1807 முதல் 1814 வரை பிரிட்டிஷ் கடற்படை இந்தக் கடலை அடைத்தது. தென்நோர்வே தானியத்துக்கு டென்மார்க்கை நம்பியிருந்த நிலம். திறந்த படகில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் துடுப்புப் போட்டு டென்மார்க் போய் வாற்கோதுமை மூட்டையோடு திரும்ப முயன்றவர்கள் உண்டு. பிடிபட்டவர்கள் இங்கிலாந்தின் சிறைக்கப்பல்களில் அடைக்கப்பட்டார்கள். ‘தேரியெ விகன்’ என்ற அவருடைய நீள்கவிதை அப்படி ஒருவனைப் பற்றியது. நகரத்துக்கு வெளியே ஃபியேரெ தேவாலயத்தில் அதன் நினைவுக்கல் இருக்கிறது.

இந்த ஊரின் இன்னொரு எழுத்தாளர் கனுட் ஹாம்சுன். 1918-இல் பக்கத்து நோர்ஹோல்ம் பண்ணையை வாங்கினார், 1920-இல் நோபல் பரிசு பெற்றார், ஜெர்மானிய ஆக்கிரமிப்பை ஆதரித்தார், 1947-இல் கிரிம்ஸ்டாடிலேயே விசாரணைக்கு நிறுத்தப்பட்டார், 1952-இல் அதே பண்ணையில் இறந்தார். ஊர் இவரை மறைப்பதுமில்லை, கொண்டாடி முடிப்பதுமில்லை.

கப்பல் கட்டுதல் போனபின் கிரிம்ஸ்டாட் பிழைத்தது தோட்டத்தால். வெயில் அதிகம், மண் நல்லது. ஸ்ட்ராபெரி, கண்ணாடிக்கூடத் தக்காளி, நாற்றுப் பண்ணைகள். பழைய தோட்டக்கலைப் பள்ளி இருந்த டோம்மெஸ்மூன் வளாகத்தில் நாட்டின் தோட்டக்கலை அருங்காட்சியகம் இருக்கிறது. பெரிய மரங்களுக்கிடையே பண்டைய புதைமேடுகளும் உண்டு. பழைய கப்பல் துறை இருந்த ஹாஸ்ஸெல்டாலனில் கடல்சார் அருங்காட்சியகம். ஒரு முழு மழை நாளை இவற்றில் கழிக்கலாம். குழந்தைகள் இருந்தால் இன்னொரு காரணம்: இந்தக் கரையில் கடற்கரை என்றால் பெரும்பாலும் வழவழப்பான பாறை, ஃபேவிக் பக்கமுள்ள ஸ்டூரெசான் உண்மையான மணற்கரை, ஆழமும் மெல்லத்தான் கூடும்.

லில்லெசாண்ட்: தண்ணீருக்கு வாசல்

லில்லெசாண்டின் நகர மையம் அழகானது, சின்னது. ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். 1827-ஆம் ஆண்டு வணிகர் மாளிகை ஒன்று நகர அருங்காட்சியகமாக இருக்கிறது. அதோடு நகரம் முடிந்தது. இங்கே வருகிறவர்கள் வருவது பிளிண்ட்லெய்யாவுக்காக.

பிளிண்ட்லெய்யா தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கிறிஸ்டியான்சாண்ட் பக்கம் நீளும் சுமார் 12 கிலோமீட்டர் மறைவான நீர்வழி. வெளியே ஸ்காகெராக் கொந்தளித்தாலும் உள்ளே தண்ணீர் குளம்போல இருக்கும். சில இடங்களில் இரு கரையும் அவ்வளவு நெருக்கம், வீட்டு வாசலில் காப்பி குடிப்பவரோடு படகிலிருந்தே பேசலாம். வழியில் பழைய வெளித்துறைமுகங்கள்: யுஸ்டோயா தீவில் பிரெக்கெஸ்டோ, மேற்கு முனையில் கம்லெ ஹெல்லெசுண்ட். பாய்க்கப்பல்கள் சாதகமான காற்றுக்காக இங்கே நாட்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில் காத்துக் கிடக்கும். அந்தக் காத்திருப்பே இந்தக் குடியிருப்புகளின் தொழில்: வழிகாட்டும் மாலுமிகள், சத்திரம், ரொட்டி சுடுபவர், சுங்கக்காரர். நீராவிக் கப்பலுக்குக் காற்று தேவையில்லை. அன்றோடு இவற்றின் வேலை போனது. இன்று பெரும்பாலும் கோடை வீடுகள்.

பார்க்க மூன்று வழி. கோடையில் எம்பி ஓயா என்ற பயணப்படகு லில்லெசாண்டுக்கும் கிறிஸ்டியான்சாண்டுக்கும் இடையே இந்த வழியாக ஓடும். ஒரு வழிக்குச் சுமார் மூன்று மணி நேரம். படகில் ஒரு பக்கம், பஸ்ஸில் மறுபக்கம் என்று வைத்துக்கொண்டால் நாள் மிச்சமாகும். இரண்டாவது கயாக்: காலையில் இறங்குங்கள். வெயில் நாளில் நிலம் சூடேறி, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று வலுக்கும்; திரும்பி வரும்போது எதிர்காற்றில் மாட்டிக்கொள்வதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு. மூன்றாவது வாடகை மோட்டார் படகு. 1980 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் 8 மீட்டருக்கு மேல் நீளமோ 25 குதிரைத்திறனுக்கு மேல் எஞ்சினோ உள்ள படகை ஓட்டப் படகோட்டிச் சான்று வேண்டும். அதற்குக் கீழே சான்று தேவையில்லை. 8 மீட்டருக்குக் குறைந்த படகு ஓடிக்கொண்டிருக்கும்போது திறந்தவெளியில் இருக்கும் எல்லாரும் மிதவை அங்கி அணிவது சட்டம். குறுகிய பகுதிகளில் வேகம் மணிக்கு 5 கடல்மைலுக்கு மேல் கூடாது. கரையில் பலகை இருக்கும். காரணம் எளிது: படகு எழுப்பும் அலை கட்டிவைத்த படகுகளைப் பாறையில் மோதவிடும்.

லில்லெசாண்டின் குறை, அது முழுக்க வானிலையை நம்பிய ஊர் என்பது. இரண்டு நாள் மழை என்றால் செய்வதற்கு அதிகமில்லை. கிறிஸ்டியான்சாண்ட் 30 கிலோமீட்டர் என்பதுதான் ஆறுதல்.

ஏன் கிராகெரோவும் லிங்கோரும் பட்டியலில் இல்லை

கிராகெரோ ஒஸ்லோவுக்கு இன்னும் அருகில், சுமார் 190 கிலோமீட்டர். ஓவியர் எட்வர்ட் முங்க் 1909 முதல் சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, ஒஸ்லோ பல்கலைக்கழக மண்டபத்தின் சூரிய ஓவியத்துக்கு உழைத்த ஊர். மிக நல்ல ஊர், ஆனால் அது டெலெமார்க் என்ற வேறு மாவட்டம்; மூன்று நாளில் பாதியை யோம்ஃப்ரூலாண்ட் தீவே எடுத்துக்கொள்ளும். அதற்குத் தனிப் பயணம் வேண்டும்.

லிங்கோர் கார் இல்லாத தீவுக் குடியிருப்பு. 1812 ஜூலையில் நயாடன் என்ற கடைசிப் பெரிய டேனிஷ்-நோர்வேப் போர்க்கப்பலை ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் இங்கே மூழ்கடித்தது. ரீசோரில் தங்குகிறவர்கள் ஒரு பகல் போய்வரலாம்: யேவிங் படித்துறை வரைக்கும் காரில், அங்கிருந்து சிறுபடகில். இரவு தங்கத் திட்டமிடாதீர்கள். கடைசிப் படகு நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம், எப்படிப் போவது

மாதம்தான் ஊரைவிடப் பெரிய முடிவு. ஜூன் பாதி முதல் ஜூலை முதல் வாரம் வரை சிறந்த காலம்: இரவு பத்து மணி தாண்டியும் வெளிச்சம், எல்லாம் திறந்திருக்கும், கூட்டம் இன்னும் வரவில்லை. கடல்நீர்தான் கொஞ்சம் குளிரும். ஜூலையின் கடைசி மூன்று வாரம் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் விடுமுறை எடுக்கும் ‘ஃபெல்லெஸ்ஃபேரியெ’. அறை விலை உச்சம், துறைமுகங்களில் படகு மேல் படகு. ஆகஸ்ட் இரண்டாம் பாதியில் பள்ளி திறந்துவிடும், கடல் இன்னும் சூடாகவே இருக்கும், நண்டும் வரும். அதுவே எங்கள் இரண்டாவது பரிந்துரை. நவம்பர் முதல் மார்ச் வரை கிரிம்ஸ்டாட் தவிர வேறெதையும் சொல்ல மாட்டோம். டிசம்பரில் மூன்றரை மணிக்கே சூரியன் போய்விடும்.

குளிர்காலத்தில் இந்த ஊர்கள் இருண்டுபோவதைத் தடுக்க நகராட்சிகள் போராடுகின்றன. ரீசோர், கிராகெரோ போன்ற இடங்களில் குறிப்பிட்ட பகுதிகளில் வீடு வாங்கினால் ஆண்டு முழுவதும் அதில் ஆள் குடியிருக்க வேண்டும் என்று விதி உண்டு, ‘பூப்ளிக்ட்’ என்பார்கள். இந்த விதி இல்லையென்றால் துறைமுக வரிசை முழுவதும் ஒஸ்லோ பணக்காரர்களின் ஜூலை வீடுகளாகியிருக்கும். வீடு வாங்கும் எண்ணத்தோடு வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

பொதுப் போக்குவரத்தில் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று. விரைவு பஸ்கள் ஊருக்குள் போவதில்லை; நெடுஞ்சாலை ஓர நிறுத்தத்தில் இறக்கிவிடும். ரீசோருக்கு விண்டர்ஷேர், கிரிம்ஸ்டாடுக்கு ஓய்கார்ட்ஸ்டாலன், லில்லெசாண்டுக்கு கௌப்பெமீர். கிரிம்ஸ்டாடிலும் லில்லெசாண்டிலும் அங்கிருந்து ஊர் பக்கம்தான். ரீசோருக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல். இணைப்பு பஸ் இல்லாத ஞாயிறு மாலையில் இறங்கினால் சிரமம். என்டூர் என்ற பயணத்திட்டச் செயலியில் நிறுத்தத்தை அல்ல, நகரத்தின் பெயரையே இறுதி இடமாகக் கொடுங்கள். இணைப்பு இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். ரயிலில் வந்தால் ரீசோருக்கு யெர்ஸ்டாட் நிலையம். விமானத்தில் வருபவர்களுக்கு ஷேவிக் விமான நிலையத்திலிருந்து மிக அருகில் இருப்பது லில்லெசாண்ட்.

மூன்று ஊருக்கும் பொதுவாக

பாறையில் நடக்கும்போது நீர்விளிம்பின் கறுத்த பட்டையில் கால் வைக்காதீர்கள். அது பாசி, காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் சோப்புபோல வழுக்கும். ஜூலை, ஆகஸ்டில் கொட்டும் சிவப்பு நிற ஜெல்லிமீன் வரும். பட்டால் கடல்நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் கொட்டுசெல்கள் மேலும் வெடிக்கும். உயரமான புல்லில் நடந்துவிட்டு வந்தால் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுப்பின்புறம் பாருங்கள், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரமும். உண்ணியால் வரும் மூளைக்காய்ச்சல் நோர்வேயில் பெரும்பாலும் தெற்குக் கடற்கரைப் பகுதிகளில்தான் பதிவாகிறது. அடிக்கடி வருபவர்கள் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

வெளிநிலத்தில் கூடாரம் போட யாருக்கும் உரிமை உண்டு: அருகிலுள்ள வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, இரண்டு இரவு வரை. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் அதன் அருகிலும் தீ மூட்டத் தடை. வெறும் பாறையில் மூட்டலாமே என்று சிலர் நினைப்பார்கள். சூட்டில் பாறை வெடித்துச் சில்லு பெயரும். அந்தத் தழும்பு ஆறாது. ஆயிரக்கணக்கான ஆண்டு பனிப்படலம் தேய்த்து வழவழப்பாக்கிய பாறை அது, தயவுசெய்து அடுப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.

சாப்பாட்டுக்கு: படகிலோ மீன்கடையிலோ ஓட்டோடு அவித்த இறால் கிலோக் கணக்கில் கிடைக்கும். கடலிலேயே அவித்து எடுத்து வருவதால் மீண்டும் அவிக்கக்கூடாது, ரப்பராகிவிடும். ஒருவருக்கு அரைக்கிலோ வாங்குங்கள். ஓடும் தலையும் போனால் மூன்றில் ஒரு பங்குதான் கையில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பெரிய மளிகைக்கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், எனவே ரொட்டி, எலுமிச்சை, வேண்டிய மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் சனிக்கிழமை மாலைக்குள் எடுத்துவைத்துவிடுங்கள்.